நான் சொன்ன முடிவு

எங்கள் ஆசிரியர் பற்றிக் சேர் எங்களிடம் இரண்டு பக்கம் கேட்டிருந்தார். சுருக்கம் வேண்டாம், விளக்கம் வேண்டாம், நாடகத்தை வாசித்தபோது உங்களுக்கு என்ன தோன்றியதோ அதை எழுதுங்கள் என்றார். வெள்ளவத்தை டியூட்டரியில் யாரும் எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை.

கடைசி வாங்கில் இருந்த ஒருத்தி, "சேர், நித்திரை வந்தது," என்றாள்.

"அதையும் எழுதும்," என்றார்.

நூறு வருடத்துக்கு முந்திய நாடகம். ஒரு வைத்தியரும் அவர் மனைவியும். அவர் கெட்டவர் அல்ல. மூன்றாம் அங்கத்தில் அவள் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விடுகிறாள். போனது சரி என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பிறகு எழுத ஓடவில்லை. எங்கே போனாள், அங்கே யார் அவளைப் பதிந்தார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு வெட்டினேன்.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. எந்த வீட்டில் எந்தத் தமிழர் இருக்கிறார் என்று பொலிசில் பதிய வேண்டும். எங்கள் படிவத்தில் வீட்டுத் தலைவர் நாகேந்திரம், என் அத்தான். அடுத்தது மனைவி, சரோஜினிதேவி. மூன்றாவதாக நான், மனைவியின் தங்கை, சிவமணி.

அத்தான் அடிக்கமாட்டார். குடிக்கமாட்டார். அக்காவின் அடையாள அட்டையை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். ஒருமுறை சந்தையைப் பொலிசார் சுற்றிவளைத்தபோது அக்காவிடம் அட்டை இருக்கவில்லை. ஒரு பகல் முழுவதும் பொலிஸ் நிலையத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு அவரே வைத்துக்கொண்டார். மரக்கறி வாங்கப் போகிறேன் என்றால் எடுத்துக் கொடுப்பார். திரும்பி வந்ததும் கையை நீட்டுவார். மூன்று வருடம்.

நாடகத்தை நான் அக்காவுக்கு ஒவ்வொரு அங்கமாகச் சொல்லி வந்தேன். சமைத்தபடி கேட்பாள். கடைசி அங்கத்துக்கு வந்த அன்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"கடைசியில என்ன, மணி? அவ போறாவோ?"

இரண்டு நாளுக்கு முன்பு கொட்டாஞ்சேனையிலிருந்து மாக்ரெட் வந்திருந்தாள். அக்காவின் பள்ளித் தோழி. சின்னப் பிள்ளைகளுக்கு நேசரி நடத்துகிறாள். நேசரிக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, ஒரு ஆளுக்குப் போதும் என்று அவள் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. என் உயர்தரச் சோதனைக்கு இன்னும் நான்கு மாதம். அக்கா போனால் நான் அத்தானோடு தனியாக அந்த வீட்டில் இருக்க முடியாது. போரில் ஊருக்குப் போகும் பாதையும் மூடியிருந்தது.

"இல்லை அக்கா," என்றேன். "அவ போகேல்லை."

அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

"அப்ப என்னத்துக்கு உங்களுக்கு அதைப் படிப்பிக்கினம்?"

சனிக்கிழமை அத்தான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு பொலிஸ் படிவத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"பேர் வெட்டவேணும்."

"ஆற்ற பேர்?"

"என்ர. மணியின்ர."

அவள் இப்படி நினைத்திருந்தது எனக்குத் தெரியாது. நான் கதவடியில் நின்றேன்.

"எங்க போறியள்?"

"மாக்ரெட்டின்ர நேசரிக்கு. அங்க ஒரு அறை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேரம் எடுத்துத் துடைத்தார்.

"காரணம் எண்டு ஒரு இடம் விட்டிருக்கு."

"எனக்குச் சிங்களத்தில எழுத வராது. நீங்கள்தான் எழுதவேணும்."

"உள்ளதை எழுதினா கூப்பிட்டு விசாரிப்பாங்கள்."

"அப்ப இல்லாததை எழுதுங்கோ."

"நேசரியில வேலை எண்டு போடுவம். என்ன?"

"அது இல்லாதது இல்லை. திங்கள் தொடங்குது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லை."

இருவரும் அந்தப் படிவத்தின் மேல் அரை மணி நேரம் குனிந்திருந்தார்கள். அவர்கள் ஒரே இருப்பில் அவ்வளவு கதைத்ததை நான் பார்த்ததில்லை. அக்காவின் பிறந்த திகதியைக் கேட்காமலே எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவளுக்கு என்ன காரணம்?"

"படிப்பு. ஓகஸ்டில சோதினை. இங்க தனிய விட்டுட்டுப் போனா சனம் கதைக்கும்."

"இப்ப கதைக்காதோ?"

"கதைக்கட்டும். அது என்னைப் பற்றித்தானே."

"ஒரு அறை எண்டியே."

"ஒரு கட்டில்தான். சமாளிப்பம்."

வீட்டுத் தலைவரும் வர வேண்டும் என்பதால் பைகளையும் எடுத்துக்கொண்டு மூவருமாகப் பொலிசுக்குப் போனோம். சார்ஜன்ட் படிவத்தை வாசித்துவிட்டு, அப்படியானால் ஐயாவுக்கு யார் சமைப்பது என்று சிங்களத்தில் கேட்டார். நானே சமைப்பேன் என்றார் அத்தான். அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது. சார்ஜன்ட் சிரித்தார். அத்தானும் சிரித்தார். முத்திரை விழுந்தது.

வெளியே வந்து சட்டைப் பையிலிருந்து அக்காவின் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். பஸ் வரும்வரை நின்றார். பைகளை ஏற்றிவிட்டார். "உள்ளிப் பேணி குசினியில மேல்தட்டில," என்றாள் அக்கா யன்னலால். அவர் தலையாட்டினார்.

பஸ் காலி வீதியில் மெதுவாகப் போனது. பம்பலப்பிட்டியில் எனக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அக்கா வந்து இருந்தாள்.

"அக்கா, அந்த நாடகத்தில நான் சொன்னது..."

"பிறகு சொல்லு, மணி. களைச்சுப் போனன்."

கொள்ளுப்பிட்டிக்கு முன்பே நித்திரையாகிவிட்டாள். தலை என் தோளில் கிடந்தது. வாய் சற்றுத் திறந்திருந்தது. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் அசையாமல் இருந்தேன்.

கோட்டையில் அட்டைகளைப் பார்க்க எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். நான் அவளை எழுப்பினேன்.