இரண்டு கன்னத்துக்கும் ஒரே வெயில்

படம் எடுக்க வரவேண்டாம், ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போனால் போதும் என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஸாதனா போனில் சொன்னபோது அமுதவள்ளிக்குச் சுருக்கென்றது. ஆறு மாதமாக வா வா என்று கூப்பிட்டு முகத்தைப் படம் பிடித்தவர்கள் கடைசிப் படத்தை மட்டும் வேண்டாம் என்றால் சும்மாவா சொல்வார்கள்? காரணம் அவளுடைய இடது கன்னத்தில் இருந்தது. காதோரத்திலிருந்து தாடைவரை, அடுப்புக்கரியைத் தேய்த்ததுபோல் கறுத்துக் கிடந்தது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் தள்ளுவண்டியில் வெங்காயமும் சேனையும் விற்கிறவள் அமுதவள்ளி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து எட்டு வருடமாகிறது. பதினாறு வயதில் வந்த பரு, போகும்போது இரண்டு கன்னத்திலும் குழி பறித்துவிட்டுப் போயிருந்தது. அம்மையா என்று கேட்கிற வாடிக்கைக்காரர்களுக்கு வெங்காயத்தோடு ஒரு முறைப்பையும் சேர்த்துக் கொடுப்பாள். ஆனாலும் குழியில்லாத முகம் வேண்டுமென்ற ஆசை இருந்தது. யாருக்கும் காட்டுவதற்கு இல்லை, அவளுக்கே வேண்டியிருந்தது. அதனால்தான், படகுத்துறைக்குப் போகிற வழியில் புதிதாகத் திறந்த தோல் ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சை என்று ஸாதனா வண்டியருகே வந்து சொன்னதும் போனாள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? பார்த்திருக்க வேண்டும்.

அங்கே டாக்டர் விஸ்வநாத் இரண்டு மிஷின்களை ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நாற்பது பேர், ஒவ்வொருவர் முகத்திலும் இடப்பக்கம் லேசர், வலப்பக்கம் ஊசி மிஷின். லேசர் மேல்தோலைப் புள்ளி புள்ளியாகச் சுடும். ஊசி மிஷின் உள்ளே இறங்கி அடித்தோலுக்குச் சூடு கொடுக்கும். இடப்பக்கம் சுடும்போதெல்லாம் பொசுங்குகிற நாற்றம் வந்தது. மாதம் ஒன்றாக மூன்று முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். வலது கன்னத்தில் குழிகள் பாதியாகிவிட்டன. இடது கன்னத்திலும் குறைந்திருக்கலாம், அந்தக் கறுப்புக்குள் யார் பார்த்தார்கள்?

வண்டியைப் படுதாவால் மூடிவிட்டு நேரே போனாள். ஸாதனா ஒரு தாளை நீட்டினாள்.

"இங்க ஒப்பு போடுங்கோ சேச்சி. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"என்ன எழுதிருக்கு? வாசி."

ஸாதனா தாளைத் தன் பக்கம் திருப்பினாள். "நீங்களே இஷ்டப்பட்டு ஆராய்ச்சியிலேந்து விலகிக்கறேள்னு."

"நானா? எப்போ?"

அவள் போட்ட சத்தத்தில் டாக்டரே வெளியே வந்தார். சேர்க்கும்போது 'நீங்கோ' என்றவர் இப்போது 'நீ'க்கு இறங்கியிருந்தார். "பாரும்மா, வெயில் கொள்ளப்படாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னோமோல்லியோ? நீ கேக்கலை. அதனால உன் ரிசல்ட்டைச் சேர்க்க முடியாது. க்ரீம் தரேன், கறுப்பு மெல்லப் போயிடும்."

ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம்.

"வெயில்ல நின்னுதான் வேவாரம்னு மொத நாளே சொன்னேன் சாரே. இவளும் அதே வெயில்ல நின்னுதான் எங்கிட்டப் பேசுனா. கேளுங்க."

டாக்டர் அவளுடைய ஃபைலைப் புரட்டினார். தொழில் என்ற இடத்தில் 'கடை, உள்வேலை' என்று இருந்தது. வெயிலில் வேலை செய்கிறவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது ஆராய்ச்சியின் விதி. நாற்பது பேர் தேறாததால் ஸாதனா தள்ளுவண்டியைக் கடையாக்கிவிட்டாள். இப்போது அவள் கண் கலங்கி நின்றாள்.

"அழாத," என்றாள் அமுதவள்ளி. "மூஞ்சி கறுத்தது எனக்கு."

"அப்போ உன்னைச் சேர்த்ததே தப்பு," என்றார் டாக்டர், வழி கிடைத்துவிட்ட நிம்மதியோடு. "எப்படிப் பார்த்தாலும் எடுத்துத்தான் ஆகணும்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "ஒண்ணு கேக்கேன் சாரே. சூரியன் எடப்பக்கம் மட்டுமா அடிச்சுது? ஒரு கன்னத்த முந்தானையால மூடிக்கிட்டா வேவாரம் பாத்தேன்? ரெண்டுக்கும் ஒரே வெயிலு. ஒண்ணு கறுத்துச்சு, ஒண்ணு கறுக்கல. எந்த மிஷினு நல்லதுன்னுதான பாக்கீங்க? இதவிட என்ன பதிலு வேணும் ஒங்களுக்கு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது... லேசர் பட்ட தோலுக்கு வெயில் ஆகாது."

"அத எழுதுங்க! வெயில்ல பொழைக்கிறவளுக்கு லேசர் வேண்டாம்னு எழுதுங்க. என்னை எடுத்துட்டா அது யாருக்குத் தெரியும்? நாளைக்கு ஒரு மீன்காரி வருவா, கட்டட வேலைக்காரி வருவா. அவ மூஞ்சிலயும் இதத்தான வப்பீங்க?"

"மெதுவாப் பேசு. வெளியில ஆளுகள் இருக்கா." பிறகு, கொஞ்சம் எரிச்சலாக, "இலவசமாப் பண்ணினதுதானே," என்றார்.

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அமுதவள்ளி க்ரீமை வாங்கிக்கொண்டு திட்டியபடியே போயிருப்பாளோ என்னவோ. ஸாதனாவின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். அந்தத் தாளிலேயே, அச்சடித்த இங்கிலீஷின் மேலேயே, அழுத்தி அழுத்தித் தமிழில் எழுதினாள். அடியில் முழுப்பேரையும் போட்டாள்.

டாக்டர் தாளை வாங்கி விழித்தார். வீட்டில் பேசுகிற தமிழ்தான் அவருக்கு, எழுத்து தெரியாது. "என்ன எழுதியிருக்கே?"

அவள் தாளைத் திரும்ப வாங்கி, வெளிக்கூடத்தைப் பார்த்து நின்று வாசித்தாள்.

"நான் விலகவில்லை. நான் வெயிலில் நின்றவள். லேசர் வைத்த இடது கன்னம் கறுத்தது. ஊசி வைத்த வலது கன்னம் கறுக்கவில்லை. இப்படிக்கு, அமுதவள்ளி."

கூடத்தில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். மரத்துப்போகும் மருந்து தடவி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய முகத்தோடு, ஆராய்ச்சியில் சேராத ஒரு பெண் தன் முறைக்காகக் காத்திருந்தாள். அவள் எழுந்து வந்து அமுதவள்ளியின் இடப்பக்கத்தைப் பார்த்தாள், வலப்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பி, "ஸாரே, எனிக்கு இன்னு ஏதா வெக்குன்னது?" என்று கேட்டாள், தனக்கு இன்று எந்த மிஷின் என்று.

டாக்டர் ஃபைலை மூடினார். அந்தப் பெண் தன் முகத்திலிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க ஆரம்பித்தாள்.

அமுதவள்ளி உள்ளே போய், படம் எடுக்கிற ஸ்டூலில் உட்கார்ந்தாள். முந்தானையால் வேர்வையைத் துடைத்தாள். ஸாதனா வாசலில் தயங்கி டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வந்து விளக்கைப் போட்டாள்.

"எடு," என்று சொல்லி அமுதவள்ளி கறுத்த கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "இத மொதல்ல எடு."