கை தூக்கிய வரி

சிறுவர், இளையோர் கதை எழுதுகிறவர்களின் மாநாட்டில் மதியத்துக்குமேல் ஓர் அமர்வு. எழுத ஆசைப்படுகிறவர்கள் தங்கள் கதையின் முதல் பக்கத்தைப் பெயர் எழுதாமல் ஒரு பெட்டியில் போட வேண்டும். ஓர் அம்மாள் அதை எடுத்து உரக்கப் படிப்பார். மேடையில் இருக்கிற பெரிய எழுத்தாளர்கள், எந்த வரியில் அலுத்துப்போகிறதோ அங்கே கை தூக்குவார்கள். உடனே படிப்பு நின்றுவிடும்.

மேடையில் இருந்த நம் எழுத்தாளர் பதின்வயதுப் பெண்களைப் பற்றி எழுதியே பேர் வாங்கினவர். தலைக்கனம் இருக்காதா? இருந்தது. அவருடைய பதினைந்து வயது மகளும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கெஞ்சினாலும் கூட வராதவள், இன்று தானாகவே கிளம்பி வந்ததில் மனிதருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அம்மாள் அடுத்த தாளை எடுத்தார்.

"அழுகை வந்தால் நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது."

எழுத்தாளர் கை தூக்கினார்.

"இது சினிமா அழுகைங்க! பதினஞ்சு வயசுப் பொண்ணு இப்படியா அழுவா? கதவைப் படார்னு சாத்துவா, தெருவுக்கே கேக்கும். எழுதினவர் நிஜப் பொண்ணு ஒண்ணைக்கூடப் பக்கத்துல பார்த்ததில்லை. எங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கே, எனக்குத் தெரியாதா?" என்று மூன்றாவது வரிசையைக் காட்டினார்.

அரங்கமே திரும்பி மகளைப் பார்த்துச் சிரித்தது.

"இந்தப் பத்தியில ஒரு வரிதான் பாக்கி. படிச்சுடட்டுமா?" என்றார் அம்மாள். எழுத்தாளர் பெரிய மனசு பண்ணித் தலையாட்டினார்.

"வெளியே அப்பா கதவைத் தட்டி, 'உள்ளே என்ன, ஆத்தையே கொண்டுவந்து குளிக்கிறியா?' என்றார்."

போன வாரம் எழுத்தாளர் தன் வீட்டுக் குளியலறைக் கதவைத் தட்டி மகளிடம் சொன்னது. சொல் மாறவில்லை.

"இப்படியும் ஒரு அப்பனா!" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். மறுபடி சிரிப்பு. முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்திருந்த எழுத்தாளரும், எங்கே தெரிந்துவிடுமோ என்று பயந்து, கூடவே சிரித்துவைத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாய்க்கு மைக் வேறு. சே, நானும் ஒரு மனுஷனா என்று அவருக்குக் கூசியது.

இடைவேளையில் டீ மேசைக்குப் பக்கத்தில் மகளைப் பிடித்தார்.

"அன்னிக்கு எதுக்கும்மா அழுத?"

"யாருப்பா அழுதா? அது சும்மா கதை." அவள் குரலில் கோபமே இல்லை. முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மரியாதைதான் இருந்தது. "அந்த வரியை எடுத்துடறேன். அப்படி யாரும் அழமாட்டாங்கன்னு நீங்கதான் சொல்லிட்டீங்களே."

நாலு திட்டுத் திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பார். "மன்னிச்சுடும்மா" என்று வாயெடுப்பதற்குள், மகள் வயசுப் பெண் ஒருத்தி அவருடைய நாவலோடு ஓடி வந்து பேனாவை நீட்டினாள்.

"சார், எங்க மனசுல இருக்கறதெல்லாம் உங்களுக்கு எப்படி சார் தெரியுது?"

அவர் பேனாவை வாங்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார்.

"அய்யோ, எவ்வளவு தன்னடக்கம்!" என்று அந்தப் பெண் மகளிடம் சொன்னாள்.

"தன்னடக்கம் எல்லாம் இல்லை," என்றாள் மகள். "அவருக்கு நிஜமாவே தெரியாது."