முத்திரை மேல

விடியற்காலை ஐந்து மணிக்கே சலவை நிலையத்தின் கூரை வியர்த்துக் கொட்டியது. கொதிகலனிலிருந்து வந்த நீராவி, உள்ளே நின்ற பதினோரு பேரின் முகத்தையும் வேகவைத்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஈரத்தில் கல்லாய்க் கனத்தன. ஒவ்வொன்றையும் உருளை இஸ்திரியில் விட்டு மறுமுனையில் இழுப்பதற்குள் அக்காவின் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. ஆனாலும் அவள் கண் மடிப்பு மேசையிலேயே இருந்தது.

அங்கே அவள் தம்பி நின்றான். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். வயது நாற்பத்து மூன்று. எல்லாருக்கும் அவன் 'மேஸ்திரி'. இருபது வருஷமாக விரிப்பு மடிக்கிறான். மூலையிலுள்ள ஆஸ்பத்திரி முத்திரை வெளியே தெரியும்படி மடிக்க வேண்டும். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் "முத்திரை மேல!" என்று அதட்டிப் பழக்கியவன் அவன்தான். ஒருமுறை முதலாளியின் கையையே தட்டிவிட்டிருக்கிறான்.

ஒரு மாதமாக அவன் மடிப்பில் முத்திரை உள்ளே போய்விட்டது. அவன் பார்க்காத நேரம் பக்கத்து மேசைக்காரி அவற்றைப் பிரித்துத் திருப்பி மடித்துவிடுவாள். நேற்று அவள் காய்ச்சலில் வரவில்லை. திருப்பி மடிக்க ஆளில்லாமல் போன விரிப்புக் கட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்துவிட்டது.

போன வாரம் டாக்டர் சொன்னது அக்காவின் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. "டவுன் சிண்ட்ரோம் இருக்கிறவங்களுக்கு மறதி நோய் நாற்பது வயசுலயே வரலாம்மா. மூளைக்குப் போற சின்ன ரத்தக்குழாய்களும் பழுதாயிருந்தா இன்னும் மோசமாகும்."

"அவனுக்குப் பிரஷரே இல்லையே டாக்டர்?"

"பிரஷர் இல்லாமலேயும் இவங்களுக்குக் குழாய் கெடலாம். ஸ்கேன் பார்த்தாத்தான் தெரியும். எது வந்தாலும், பழகின வேலையையும் பழகின முகங்களையும் அவர்கிட்டேர்ந்து பறிச்சிடாதீங்க."

ஸ்கேன் வரும் செவ்வாய்க்கிழமை. வேலையில் இருப்பவர்களுக்குத்தான் மருத்துவ அட்டை. வேலை போனால் ஸ்கேனும் போகும்.

ஆறரை மணிக்கு முதலாளி, திரும்பி வந்த விரிப்புக் கட்டைத் தூக்கி மடிப்பு மேசைமேல் விட்டெறிந்தார்.

"யார் மடிச்சதுன்னு கேக்கவே வேண்டாம். நாளையிலேர்ந்து இவன் வர வேண்டாம்."

"ஐயா, செவ்வாய்க்கிழமை வரைக்குமாவது..." அவள் குரல் கெஞ்சியது. அந்தக் கெஞ்சல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"இது சலவைக்கூடம்மா, சத்திரம் இல்ல. இத்தனை நாள் வச்சிருந்ததே தர்மத்துக்கு."

"தர்மமா?" கொதிகலன்காரர் திரும்பினார். "மடிக்கிற ஆளைப் பாதியா குறைச்சீங்களே, மிச்ச வேலையை எந்தக் கை செஞ்சுது?"

முதலாளி அதைக் காதில் வாங்கவில்லை. "இன்னிக்கு இவன் மடிச்சதைத் தனியா வைங்க. ஆஸ்பத்திரிக்காரங்களுக்குக் காட்டணும். எட்டு மணிக்கு வண்டி." உள்ளறைக் கதவு படாரென்று மூடியது.

மேஸ்திரி ஒரு விரிப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"அக்கா, நான் தப்பு பண்ணிட்டேனா? முத்திரை எங்க போச்சு?"

இந்த மேசையையும் பிடுங்கிவிட்டால் அவனுக்கு என்ன மிஞ்சும்? மூடிய அறையும் வெறும் சுவரும்தான்.

பக்கத்து மேசைக்காரி ஒரு விரிப்பை எடுத்தாள். முத்திரையை உள்ளே வைத்து மடித்தாள். அடுத்ததையும் அப்படியே.

"என்னடி பண்றே?"

"மேஸ்திரி மாதிரி மடிக்கிறேன்க்கா. எது மேஸ்திரி மடிச்சதுன்னு முதலாளியே வந்து பொறுக்கட்டும்."

அக்கா இஸ்திரியை நிறுத்திவிட்டு மேசைக்கு வந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து முத்திரையை உள்ளே வைத்தே மடித்தார்கள்.

எட்டு மணிக்கு முதலாளி கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றிலும் முத்திரை வெளியே தெரியவில்லை.

"யார் செஞ்ச வேலை இது?"

"எல்லாரும்தான்," என்றாள் அக்கா. இந்த முறை குரல் கெஞ்சவில்லை. "செவ்வாய்க்கிழமை அவன் ஸ்கேனுக்குப் போவான். புதன்கிழமை இங்க வருவான். நீராவி படாத இடத்துல ஒரு நாற்காலி வேணும். எழுதிக் குடுங்க, எல்லாத்தையும் திருப்பி மடிக்கிறோம்."

"அத்தனை பேரையும் துரத்திடுவேன்!"

கொதிகலன்காரர் வால்வை மூடினார். சீறல் அடங்கியது. அவர்களுக்கு உள்ளூரப் பயம்தான். ஆனாலும் ஒருவரும் அசையவில்லை.

அந்த அமைதியில் மேஸ்திரி கட்டுகளை உற்றுப் பார்த்தான். எங்கிருந்தோ பழைய கோபம் அவன் முகத்தில் ஏறியது.

"எல்லாம் தப்பு!" என்று பத்துப் பேரையும் அதட்டினான். "முத்திரை மேல!"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"சரிங்க மேஸ்திரி," என்றாள் பக்கத்து மேசைக்காரி, முதலாளியைப் பார்த்தபடியே. "அவர் எழுதிக் குடுத்ததும் மடிச்சிடறோம்."

வெளியே வண்டி இரண்டாம் முறை ஹாரன் அடித்தது. பதினோரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.