வெள்ளிக்கிழமைக் குஞ்சுகள்

ஊரில் அவனுக்கு டிகிரி என்று பெயர். காலேஜ் வாசலை மிதித்தவனில்லை. கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறவன். யார் நலம் விசாரித்தாலும் முட்டை பொரிக்கும் இயந்திரத்தின் சூடு எத்தனை டிகிரி என்றுதான் பதில் சொல்வான். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவனுடைய குஞ்சுகள் பெரும்பாலும் ஆற்றைத் தாண்டித்தான் விலைபோயின. அக்கரை வேறு மாநிலம், வசதியான மாநிலம். மனைவியின் அண்ணன் அங்கே பெரிய கோழிப்பண்ணை வைத்திருந்தார். கால்நடை, வரி, தீவன மானியம் எல்லாம் தலைநகரத்தின் கையில் இருந்தவரை நடுவில் இருந்தது வெறும் பாலம். பிறகு அந்த அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கு வந்தது. "இனி நம்ம காசு நமக்கே" என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். டிகிரியும் கை சிவக்கத் தட்டினான்.

நம்ம காசு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கையைக் கடிக்கத் தொடங்கியதும் தெரிந்தது. இக்கரையில் தீவன மானியம் நின்றது. பண்ணைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. அக்கரையில் மானியம் இரட்டிப்பானது. ஆனால் அந்த மாநிலத்துக் கால்நடை டாக்டர் பார்த்து முத்திரை வைத்த குஞ்சுகளை வாங்கியவர்களுக்கு மட்டும்.

அறிவிப்பு வந்தபோது முட்டைகள் ஏற்கனவே இயந்திரத்தில் இருந்தன. உள்ளே வைத்தால் இருபத்தொரு நாளில் பொரிந்தே தீரும். முட்டை எந்த அரசாணையையும் படிப்பதில்லை.

"நம்ம ஊர் டாக்டர் கையெழுத்துப் போட்டா ஆகாதா மச்சான்?" என்று போனில் கேட்டான்.

"அது பாலம் வரைக்கும்தான் செல்லும் மாப்ள."

"அப்ப உங்க டாக்டர் இங்க வரட்டும்."

"அங்க வந்தா அவரும் உன்ன மாதிரி சும்மா ஆளுதான்."

மச்சான் நாயாக அலைந்து ஒரு வழி பிடித்தார். டாக்டர் வெள்ளிக்கிழமை காலை அக்கரைச் சோதனைச்சாவடிக்கு வருவார். வண்டியிலேயே குஞ்சுகளைப் பார்ப்பார். இந்தத் தடவை சரக்கு போய்ச் சேர்ந்தால் பொரிப்பகம் பிழைக்கும். இல்லாவிட்டால் மூடவேண்டியதுதான்.

குஞ்சுகள் பொரிய வேண்டியது புதன்கிழமை.

"பொரிஞ்சா பொரியட்டும்," என்றாள் மனைவி. "வயித்துல மஞ்சக்கரு மிச்சம் இருக்கு. ரெண்டு நாள் தீனி இல்லாம தாங்கும். இத்தனை வருஷமா அப்படித்தானே அனுப்பறோம்."

"தெரிஞ்சவனுக்கு அனுப்பறது வேற. இது புது டாக்டர். வாடிப்போச்சுன்னு சொல்லிட்டா?"

"சொன்னா பாத்துக்கலாம். நீங்க எதையும் நோண்டாதீங்க."

நோண்டினான். அவள் பெட்டிகளைக் கழுவப் போன நேரத்தில் சூட்டை இரண்டு டிகிரி இறக்கினான். சூடு குறைந்தால் பொரிப்பு தள்ளிப்போகும். வெள்ளிக்கிழமை விடியும்போது புத்தம்புதுக் குஞ்சாக இருக்கும். அரை டிகிரி குறைந்ததற்கே வேலையாளை விரட்டியடித்தவன், அன்றைக்கு இப்படிக் கணக்குப் போட்டான்.

புதன்கிழமை இயந்திரத்துக்குள் ஒரு கீச்சுக்கூட இல்லை. அவள் கதவில் காது வைத்துப் பார்த்தாள். பிறகு சூட்டைப் பார்த்தாள்.

"ஏங்க, இறக்கினீங்களா?"

அவன் சூட்டை ஏற்றக் கை நீட்டினான்.

"பெத்தவ மாதிரி பாத்துக்கறேன்னு ஊரெல்லாம் பீத்திக்குவீங்களே. டாக்டர் வர்ற நாளுக்காக எந்தப் பெத்தவ புள்ளைய உள்ளேயே பிடிச்சு வைப்பா?"

சூட்டை ஏற்றினார்கள். வியாழன் சாயங்காலம் ஓடுகள் விரிசல் விட்டன. பாதிக்குமேல் கொத்தியதோடு சரி, வெளியே வரவில்லை. வந்தவை ஈரம் காயாமல், வயிறு உப்பி, காலூன்ற முடியாமல் சாய்ந்தன. தேறியவற்றைப் பொறுக்கினார்கள். அவள் ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி ஒற்றிப் பெட்டியில் வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் பெட்டிகளோடு வண்டியில் கிளம்பினார்கள். பாலம் ஒரு வண்டி போகும் அகலம்தான். அக்கரை முனையில் மச்சான் முழுக்கைச் சட்டை போட்டு நின்றிருந்தார். டாக்டர் சின்ன வயசு. சிரித்த முகமாக ஒரு குஞ்சை எடுத்தார், புரட்டினார், வயிற்றைக் கட்டைவிரலால் தடவினார். சிரிப்பு போய்விட்டது.

"தொப்புள் மூடலையே. கிருமி ஏறிடுமே."

இன்னொன்று. அடுத்த பெட்டியில் இன்னொன்று.

"அடியில பாருங்க டாக்டர். அடியில நல்லதா இருக்கும்," என்றான் டிகிரி.

அடியிலும் பார்த்தார். "அண்ணே, எங்க பக்கம் குஞ்சே பத்தல. உங்களுது வேணும்னுதான் ஓடி வந்தேன். ரெண்டு நாள் ஆன குஞ்சா இருந்தாக்கூட கண்ண மூடிட்டு முத்திரை வச்சிருப்பேன். இத எப்படி வைக்கிறது, சொல்லுங்க?"

டிகிரி மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மச்சானின் கையைப் பிடித்தான்.

"மச்சான், முத்திரை வேணாம், மானியம் வேணாம். சும்மா எடுத்துக்கங்க. காசுகூட வேணாம்."

"என்ன மாப்ள நீ." மச்சான் கையை மெல்ல உருவிக்கொண்டார். "இது என் கொட்டகையில வந்து அழுகிச் செத்தா, இருக்கறதும் சேந்து போகும். தங்கச்சி முகத்துக்காக என்ன வேணாலும் செய்வேன். இது முடியாது."

"இக்கரையில யார்கிட்டக் கொடுப்பேன்? ஒருத்தனும் இல்லையே."

மச்சான் தங்கையைப் பார்த்தார். அவள் வண்டியின் பின்பக்கம் ஏறிப் பெட்டி மூடிகளை அழுத்திக்கொண்டிருந்தாள்.

சாவடிக் காவலர் வண்டியைத் தட்டினார். "சார், எங்க லாரிங்க நிக்குது. வண்டிய எடுங்க."

"திருப்ப இடமில்லையே."

"பின்னாடியே போங்க. அந்த முனையில வர்ற வண்டிங்கள நிறுத்தச் சொல்லியிருக்கேன்."

அவள் இறங்கி வண்டிக்குப் பின்னால் நடந்தாள். அவன் ஏறிப் பின்கியர் போட்டான். பெட்டிகளுக்குள் குஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின.

"வாங்க... வாங்க... இடது பக்கம் ஒடிங்க... வாங்க..."

கண்ணாடியில் அவள் கை மட்டும் அசைந்தது. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. கொஞ்ச தூரத்தில் அந்தக் குரலும் நின்றது. அவன் சட்டென்று பிரேக் போட்டான்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "வாங்க."