வாசலில் சொட்ட வேண்டிய தண்ணீர்

1

இந்தக் கதை என் பின்கழுத்தில் விழுந்தது. அரூரில் ஒரு புது வீட்டு வாசலோரம் வெயிலுக்கு ஒதுங்கினேன். மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாயிலிருந்து ஒரு சொட்டு. வீட்டுக்கு வந்ததும் எழுதினேன்: ‘நீர் என்பது காலத்தின்...’

அடித்துவிட்டேன். அது ஏசித் தண்ணீர்.

2

‘கிழங்கு வியாபாரி மாயவன், எளிமையின்...’

இதுவும் வேண்டாம். ஏசி வாங்கியதில் மாயவனுக்கு ஒரே மனக்குறை, அது வீட்டுக்கு உள்ளே இருந்தது. ஊருக்கு எப்படித் தெரியும்?

“தண்ணி பின்னாடி சாக்கடைக்கு எறங்கிரும்ங்க” என்றான், மாட்ட வந்த அன்பு.

“பின்னாடி எவன் வரான்? வாசல்ல சொட்டணும். ரோட்ல போறவன் நிமுந்து பாக்கணும்.”

“வாசல் மேல பேர்ப்பலக இருக்குதுங்களே. குழாய் அதும்மேல ஏறிப் போவணும்.”

“ஏறட்டும்.”

ஏற்றினான். [இங்கே அன்புவை எதிர்த்துப் பேசும் ஞானியாக்க நினைத்தேன். அவனுக்கு அடுத்த தெருவில் வேலை இருந்தது.]

(ஓரக்குறிப்பு: ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த சுருள்மேல் அறைக்காற்றின் ஈரம் வேர்க்கும். அந்த வேர்வை ஒரு தட்டில் சேர்ந்து, குழாய் சரிவாக இருந்தால் தானாக வெளியேறும். நடுவில் குழாய் தொய்ந்து ஏறினால், தொய்ந்த இடத்தில் தண்ணீர் தங்கும், தூசி சேரும், பாசிபோல வழவழப்பு வளர்ந்து அடைக்கும். பிறகு தட்டு நிரம்பி அறைக்குள்ளேயே வழியும். யாருடைய அறை என்று தண்ணீர் விசாரிப்பதில்லை.)

3

தொடக்கத்தில் சொட்டியது. யாராவது “ஏசிங்களா?” என்று கேட்கும்வரை மாயவன் வாசல் நாற்காலியை விட்டு எழமாட்டார்.

சித்திரையில் மகள் வெண்மதியைப் பெண் பார்க்க மொரப்பூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையை அவளுக்கு முன்பே பிடித்திருந்தது (அப்பாவுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்). மாப்பிள்ளையின் அம்மா குள்ளம்மாள் தலையாட்டினால் போதும். அவரை ஏசிக்கு நேர்கீழே மரியாதையாக உட்காரவைத்தார் மாயவன். வாசல் குழாய் காய்ந்து கிடந்ததை அன்று பார்க்கவில்லை.

“என்னங்ண்ணா, வூட்டுக்குள்ள மழ பேயுது?”

“புது டெக்னாலஜிம்மா. வரவங்களுக்குப் பன்னீர் தெளிக்கும்.”

குள்ளம்மாள் நனைந்த பட்டுப்புடவையைத் தோளில் முகர்ந்து பார்த்தார். “பன்னீர் ஏண்ணா பாசி நாத்தம் அடிக்குது?”

“ஏசியை நிறுத்துங்கப்பா” என்றாள் வெண்மதி. நிறுத்தினால் கெட்டுப்போனது என்று ஆகிவிடுமே! மாயவன் அன்புவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கர் போட்டது அவர் விதி.

“வெளிய குழாய் மொனைல வாய வெச்சு உறிஞ்சுங்க. ஊதிடாதீங்க! இருக்கறதெல்லாம் உள்ள கொட்டும்.”

“நீங்க இப்பிடி வந்து ஒக்காருங்கம்மா” என்று வேறு நாற்காலியைக் காட்டினார் மாயவன்.

“நான் நவுறலைங்ண்ணா” என்றார் குள்ளம்மாள். “எப்பிடிச் சரிபண்றீங்கன்னு பாக்கணும். சம்பந்தம் பண்ற வூடாச்சே.”

4

எனக்கு இரண்டு முடிவுகள் உண்டு. ஊதினால், தொய்வில் கிடப்பதெல்லாம் குள்ளம்மாள் தலையில் கொட்டும், கல்யாணம் அவ்வளவுதான். உறிஞ்சினால், ஊரே பார்க்க வழவழப்பு மாயவன் வாய்க்கு வரும். [என் கழுத்தில் விழுந்த சொட்டு இதற்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்காதீர்கள்.]

மாயவன் பட்டுவேட்டியோடு ஸ்டூல்மேல் நிற்கிறார். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் வேகத்தைக் குறைக்கிறது. “அப்பா, உறிஞ்சுங்கப்பா!” ஜன்னலில் வெண்மதி. அவர் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு குழாயை வாயில் வைக்கிறார். கன்னம் உப்புகிறதா, ஒட்டுகிறதா? என் மேசையிலிருந்து தெரியவில்லை.

நீங்கள்தான் ரோட்டில் நிற்கிறீர்கள். நிமிர்ந்து பாருங்கள். அவர் ஆசைப்பட்டதும் அதுதானே.