டயல் டோன் இல்லை

மடிக்கணினியின் விலாவில் போன் வயர் செருகும் துளை இருந்தது. உள்ளே, அந்த வயர் வழியாக இணையத்தைப் பிடிக்கும் மோடமும் இருந்தது. ஆனால் புதிதாகப் போட்ட லினக்ஸின் கண்ணுக்கு மட்டும் அது தென்படவேயில்லை.

"இது பாதி மோடம்தான் அண்ணி," என்றான் கொழுந்தன். "மீதிப் பாதி பழைய சிஸ்டத்துக்குள்ள சாஃப்ட்வேரா இருந்துச்சு. அதைத்தான் நாம அழிச்சுட்டோமே."

"நாம இல்ல. நீ."

எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பவன் என்பதால் வீட்டில் அவனுக்குத் திருப்புளி என்று பெயர். போன வாரம் வைரஸ் புகுந்து கணினி படுத்துவிட்டபோது, அவளுடைய கோப்புகளைக் காப்பாற்றி லினக்ஸைப் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். அனுப்ப வேண்டிய நாள் வரும்வரை மோடத்தை இருவருமே நினைக்கவில்லை.

பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்காக வினாத்தாள்களைப் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றி, அந்தப் பள்ளிக்குப் பக்கத்திலிருக்கும் வெளியூர் அச்சகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. நாளைக் காலை வடிவியல் தேர்வு. தாள் போய்ச் சேராவிட்டால் ஆசிரியர் கேள்விகளை வாய்விட்டுப் படிப்பார். கேள்வியைப் படிக்கலாம், முக்கோணத்தை எப்படிப் படிப்பது? விரலால் தடவிப் பார்க்கிற பிள்ளையிடம், கற்பனை செய்துகொள் என்றா சொல்வது?

மோடத்தின் மீதிப் பாதியான அந்த சாஃப்ட்வேர் இணையத்தில் கிடைத்தது. இணையத்துக்குப் போக மோடம் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். வினாத்தாளை வெளியே கொண்டுபோய் அனுப்பலாமென்றால், இந்த மடிக்கணினிக்குச் சிடியைப் படிக்கத்தான் தெரியும், எழுதத் தெரியாது. திருப்புளி நெட் சென்டருக்கு ஓடி அதைச் சிடியில் எடுத்து வந்தான். லினக்ஸின் பதிப்பு எண்ணில் ஓர் இலக்கம் ஒத்துவரவில்லை என்று கணினி அதைத் தள்ளிவிட்டது. மறுபடி ஓடி வேறொரு சிடியோடு வந்தான். இன்று விடுமுறை, அரைநாள் திறந்திருந்த நெட் சென்டரையும் அதற்குள் சாத்திவிட்டார்கள். இந்தச் சிடியை விட்டால் வேறு வழியில்லை.

திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடி நின்றன.

"ஏத்துக்கிச்சு அண்ணி."

அவள் நெஞ்சில் கைவைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள், "டயல் டோன் இல்லைங்குது," என்றான்.

வயரை மாற்றினான். திருப்பிச் செருகினான். அதே பதில்தான் வந்தது. அவள் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"சத்தம் வருதேப்பா."

அவன் வாங்கிக் கேட்டான். சத்தம் சீராக இல்லை; விக்கல் எடுத்தவன் பேசுவதுபோல் விட்டு விட்டு வந்தது.

"யாராவது பேசி வச்ச மெசேஜைக் கேட்காம விட்டிருந்தா லைன் இப்படித்தான் விக்கும். மோடத்துக்கு இது பாஷை தெரியாத ஊர். யாரு அண்ணி மெசேஜ் வச்சது?"

அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"அச்சக மேனேஜர். ரெண்டு நாளா கூப்பிடுறார். நம்பரைப் பார்த்தாலே கை எடுக்க மாட்டேங்குது. திட்டுவாருப்பா."

"திட்டு வாங்குறதுல நம்ம குடும்பத்துக்கு என்ன புதுசு? கேளுங்க."

"கேட்காம வேற வழியே இல்லையா?"

"டோனுக்குக் காத்திருக்காதேன்னு மோடத்துக்கு ஒரு கட்டளை இருக்கு. அது என்னன்னு தெரிஞ்சுக்க இணையத்துக்குப் போகணும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு எண்களை அழுத்தினாள். முதல் செய்தி திட்டுத்தான். "ஏம்மா, தாள் வராதுன்னா வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" முகம் சுருங்கிப்போயிற்று. போனை வைத்துவிடலாமா என்று நினைப்பதற்குள் இரண்டாவது செய்தி தொடங்கியது.

"நான்தாம்மா. காலையில கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. உங்க லைன் மோசம்னு தெரியும். மொத்தமா அனுப்பாதீங்க. படம் இருக்கிற பக்கங்களை முதல்ல அனுப்புங்க, அதுக்குத்தான் நேரம் பிடிக்கும். மெஷின்காரர் லீவு வேணாம்னு உட்கார்ந்திருக்கார். நாங்க இருக்கோம். பதறாதீங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்தப் பயத்திலேயே அவள் ஒரு நல்ல மனிதரின் பரிவை இத்தனை நேரம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். கடவுள் பெரும்பாலும் பெரிய அற்புதமாக வருவதில்லை. "நாங்க இருக்கோம்" என்று யாரோ சொல்கிற அளவுக்குத்தான் வருகிறார். அதற்கும் நாம் காதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது லைன் ஒரே சீராக ஒலித்தது. மோடம் டயல் செய்து, கீச்சிட்டு, கரகரத்து, பிடித்துக்கொண்டது. படப் பக்கங்களைத் தனியே பிரித்து அனுப்பினாள். எவ்வளவு போயிற்று என்று திரையில் காட்டும் கோடு ஆமையாய் நகர்ந்து, பாதியில் நின்று, அவள் உயிரை வாங்கி, மறுபடி நகர்ந்து முடிந்தது. அந்த நொடியே இணைய இணைப்பும் அறுந்தது.

போன் அடித்தது. அவளே எடுத்தாள்.

"வந்துருச்சும்மா, முக்கோணமெல்லாம் ஜம்முனு வந்துருக்கு."

"மன்னிச்சுக்கோங்க சார். நீங்க கூப்பிட்டப்பல்லாம் பயந்துக்கிட்டு எடுக்கல."

"எங்கிட்ட என்னம்மா பயம்? என் பிள்ளைங்களே பயப்படுறதில்ல."

அவர் குரலுக்குப் பின்னால் இயந்திரம் டக்டக்கென்று தாளில் புள்ளி குத்திக்கொண்டிருந்தது. அவள் அதையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"போனை வைங்க அண்ணி," என்றான் திருப்புளி. "இதே லைன்லதான் இன்னும் கேள்விப் பக்கங்க போகணும்."