முழங்கைக்கு எழுதிய ட்யூப்

நிக்காஹ் நெருங்க நெருங்க என் தோஸ்து சுஹைப் ஃபுல்ஹேண்ட் சட்டைக்குள் ஒளிய ஆரம்பித்தான். முழங்கையில் மீன் செதில் மாதிரி உரியும் சோரியாசிஸ். காதோரம் அதன் சின்னக் கிளை. மணப்பெண் நவ்ரீன் வீட்டில் சொல்லவில்லை. ஒட்டுவாரொட்டி என்று கல்யாணத்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். அவன் அம்மா மட்டும் குற்றவாளியைக் கண்டுபிடித்திருந்தார்: காசிமேட்டு வஞ்சிரக் கருவாடு.

தண்டையார்பேட்டை டாக்டரம்மா இரண்டு ட்யூப் எழுதினார். இரண்டும் ஸ்டீராய்டுதான், வீரியம் வேறு. பெரியது முழங்கையின் தடித்த தோலுக்கு, சின்னது காதோரத்துக்கு.

"மாத்திப் போட்டா முகம் கெட்டுடும்பா" என்றார்.

சுஹைப் பயபக்தியோடு தலையாட்டினான். அவன் தலையாட்டினால் காதில் விழவில்லை என்று அர்த்தம். டாக்டருக்கு அது தெரியாது.

நிக்காஹ் அன்று காலை போனேன். அவன் முகம் வேகவைத்த நண்டு நிறத்தில், பொரிப்பொரியாக இருந்தது.

"இன்னா மாமு, மூஞ்சிக்கு இன்னா ஆச்சி?"

"பவரான ட்யூப மூஞ்சி முழுக்கப் போட்டேன்டா."

"அது முழங்கைக்குடா!"

"முழங்கைய ஷெர்வானி மறைச்சிரும். அவ பாக்கப்போறது மூஞ்சி. நல்ல மருந்த எவனாச்சும் முழங்கைக்கு வேஸ்ட் பண்ணுவானா? மொத வாரம் சும்மா தகதகன்னு இருந்துச்சி, தெரியுமா?"

டாக்டருக்கு போன் போட்டோம். "மூஞ்சில போடுறத நிறுத்து. நாளைக்கு நேர்ல வா."

"அப்ப இன்னிக்கி?" என்றான் சுஹைப்.

இன்றைக்குச் சேரா இருந்தது: மாப்பிள்ளை முகத்தை மறைத்துத் தொங்கும் பூச்சரம். இடைவெளியே இல்லாமல் கட்டச் சொன்னேன். ராயபுரம் மண்டபத்துக்குள் ஒரு பூக்கடை நடந்து வந்தது. நிக்காஹ் நடத்திய ஹஜ்ரத் சம்மதம் கேட்டபோது மல்லிகைக்குள்ளிருந்து "கபூல்" என்று சத்தம் வந்தது.

ஓதி முடித்து நவ்ரீனைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவளே சரத்தை விலக்கினாள்.

"அய்ய, இன்னாங்க இது?"

"சோரியாசிஸ்... அது முழங்கையில கீது. இது அதோட மருந்து."

திணறித் திணறி ஷெர்வானிக் கையை ஏற்றிக் காட்டினான். சின்ன ட்யூப் தடவிய முழங்கை, துளியும் மனம் மாறாமல் செதிலோடு இருந்தது. பிரியாணி போச்சு என்று நினைத்தேன்.

"ஒட்டுமா?"

"ஒட்டாது. டாக்டரே சொன்னாங்க."

"மொதல்லயே சொல்லிர்க்கலாம்ல? இதுக்குப் போயி மூஞ்சிய பேஜாரு பண்ணிக்கினு வந்துகீறீங்க!"

ஃபோட்டோகாரர் குறுக்கே வந்தார். "மாப்ள, கைய இறக்கி வுடுங்க."

"இருக்கட்டும் அண்ணே," என்றாள் நவ்ரீன். "முழங்கையோட எடுங்க. மூஞ்சிக்கு அது எவ்வளவோ தேவல."